முதலுதவி அறிவுரைகள் ஏன் முரண்படுகின்றன? உடலின் கணக்கிலிருந்து ஒரு விளக்கம்

ரத்தம் பீறிட்டால் காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டச் சொல்கிறார் ஒருவர். கட்டவே கூடாது என்கிறார் இன்னொருவர். தீப்புண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று வீட்டில் தடுக்கிறார்கள். குழாயைத் திறந்து 20 நிமிடம் காட்டுங்கள் என்கிறார் மருத்துவர். சுருண்டு விழுந்தவரின் நெஞ்சை அழுத்தினால் மட்டும் போதுமா, வாயில் ஊதவும் வேண்டுமா என்பதற்குக் கைபேசிக்கு வரும் ஒவ்வொரு செய்தியிலும் ஒவ்வொரு விடை இருக்கிறது. விபத்து நடந்த இடத்தில் நின்று எது சரி என்று ஆராய முடியாது. அதை முன்கூட்டியே தெளிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த முரண்பாடுகள் மூன்று வழிகளில் உண்டாகின்றன.

1. புதிய சான்றுகள் கிடைத்தபோது வழிகாட்டிகள் திருத்தப்பட்டன. முன்பு பயிற்சி பெற்றவர்கள் பழைய பாடத்தையே நம்பிக்கையோடு சொல்லிக்கொடுக்கிறார்கள்.
2. ஒரே செயல் ஒரு நிலையில் உயிரைக் காக்கும். வேறொரு நிலையில் கெடுக்கும். எந்த நிலைக்கு உரியது என்ற விவரம் வழியில் உதிர்ந்துவிட, செயல் மட்டும் பரவுகிறது.
3. சில அறிவுரைகள் எந்த நிலையிலும் தவறானவை. கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றுவதால் நிலைத்துவிட்டன.

மூன்றையும் பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: அடிபட்டவரின் உடலில் இந்த நிமிடம் தீர்ந்துகொண்டிருப்பது எது? ஆக்சிஜனா, ரத்தமா, சர்க்கரையா? அல்லது தீராமல் தங்கிவிட்ட வெப்பமா, நஞ்சா? இதற்கு விடை தெரிந்தால், கேள்விப்பட்ட அறிவுரை பொருந்துகிறதா என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

## உடல் எவ்வளவு நேரம் தாங்கும்

முதலுதவி சிகிச்சை அல்ல. மருத்துவரின் கைக்குப் போய்ச் சேரும்வரை உயிரையும் உறுப்பையும் தாங்கிப் பிடிக்கும் வேலை. என்ன நோய் என்று கண்டுபிடிக்க வேண்டிய பொறுப்பு முதலுதவி செய்பவருக்கு இல்லை.

உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதமே இருக்கும் மூளை, ஓய்வு நேரத்தில் உடல் செலவிடும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. ஆனால் சேமிப்பு என்று மூளையில் எதுவும் இல்லை. இதயம் நின்றால் 10 முதல் 15 விநாடிக்குள் நினைவு தப்பும். 4 முதல் 6 நிமிடத்துக்குள் மூளைச் செல்கள் மீளமுடியாதபடி கெடத் தொடங்கும்.

ரத்தத்தின் கணக்கு சற்றுத் தாராளமானது. வளர்ந்தவரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. முக்கால் லிட்டர்வரை இழந்தாலும் ஆரோக்கியமான உடல் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். 2 லிட்டரை நெருங்கினால் உயிர் ஊசலாடும். தொடையிலோ கையிலோ பெரிய தமனி அறுபட்டால் சில நிமிடங்களிலேயே அந்த எல்லை வந்துவிடும். உறுப்புகளுக்குப் போதிய ரத்த ஓட்டம் இல்லாத இந்த நிலையை மருத்துவர்கள் அதிர்ச்சி நிலை என்கிறார்கள். வெளிறிக் குளிர்ந்து வியர்த்த தோல், வேகமான மெலிந்த நாடி, பதற்றம், பிறகு குழப்பம் ஆகியவை அதன் அடையாளங்கள்.

முறிந்த எலும்பும் கிழிந்த தோலும் பொதுவாக மணிக்கணக்கில் காத்திருக்கும். கேட்க மனத்துக்குக் கடினமாக இருந்தாலும், உரக்க அலறுகிறவரைவிட அசையாமல் கிடப்பவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அலறுவதற்கு மூச்சு வேண்டும். அது அவரிடம் இருக்கிறது.

ஆகவே செய்யும் வரிசை இது:

1. இடம் பாதுகாப்பானதா என்று பார்த்தல். மின்கம்பி, ஓடும் வாகனங்கள், புகை, ஆழமான நீர் ஆகியவை உதவப் போனவரையும் சேர்த்துக் கொண்டுபோகும். மின்சாரம் தாக்கியவரைத் தொடும் முன் மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும்.
2. ரத்தம் பீறிடுவது கண்ணில் பட்டால் உடனே அழுத்திப் பிடித்தல்.
3. தோளைத் தட்டி உரக்க அழைத்து நினைவு இருக்கிறதா, நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தல். இதற்கு 10 விநாடிக்கு மேல் செலவிடக் கூடாது.
4. அவசர எண்ணை அழைத்தல். கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுத் தரையில் வைத்தால் இரண்டு கைகளும் ஓய்வாக இருக்கும். மறுமுனையில் இருப்பவர் சொல்லச் சொல்லச் செய்யலாம். முதலில் சொல்ல வேண்டியது இடம். இணைப்பு அறுந்தாலும் ஆம்புலன்ஸ் புறப்பட்டுவிடும்.
5. மற்றவையெல்லாம் அதன் பிறகு.

நினைவில்லை, ஆனால் மூச்சு சீராக இருக்கிறது என்றால் அவரைப் பக்கவாட்டில் திருப்பிக் கிடத்த வேண்டும். மல்லாந்து கிடப்பவரின் நாக்கு தளர்ந்து தொண்டையை அடைக்கலாம். வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போகலாம். பக்கவாட்டில் கிடந்தால் நாக்கு தொண்டையை அடைக்காது, வாந்தியும் வாய்வழியே வெளியே வழிந்துவிடும். இவ்வளவு எளிய செயலால் எத்தனையோ உயிர்கள் தப்பும் என்பதால், ஒரு முறையாவது வீட்டில் ஒருவரைக் கிடத்தித் திருப்பிப் பார்த்துக்கொள்வது நல்லது.

## இதயம் நின்றால்: அழுத்துவதா, ஊதுவதா?

முதலில் இரண்டு நிலைகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். மாரடைப்பு என்பது இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அடைபடுவது. பெரும்பாலும் நோயாளி நினைவோடு இருப்பார், பேசுவார், வலியைச் சொல்வார். இதயத் துடிப்பு நிற்பது வேறு: ஆள் சாய்ந்துவிடுவார், அழைத்தால் பதில் வராது, சீரான மூச்சு இருக்காது. மாரடைப்பு முற்றித் துடிப்பு நிற்கலாம். ஆனால் நெஞ்சை அழுத்தும் சிபிஆர் துடிப்பு நின்றவருக்கு மட்டுமே உரியது.

இங்கே பலரை ஏமாற்றுவது ஒரு வகைத் திணறல். இதயம் நின்ற சில நிமிடங்கள்வரை சிலருக்கு அவ்வப்போது வாய் பிளந்து, கொர் என்ற ஒலியோடு இழுப்பு வரும். அது மூச்சு அல்ல; மூளைத்தண்டின் கடைசி அனிச்சைச் செயல். "மூச்சு விடுகிறார்" என்று சுற்றி நிற்பவர்கள் காத்திருக்கும் அந்த நிமிடங்களில்தான் வாய்ப்பு கைநழுவிப் போகிறது. நினைவில்லை, மூச்சு இயல்பாக இல்லை என்றாலே அழுத்தத் தொடங்கிவிட வேண்டும்.

1960ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் ஆகிய மூவர், நெஞ்சைத் திறக்காமலே வெளியிலிருந்து அழுத்தி ரத்தத்தை ஓடவைக்க முடியும் என்று எழுதினார்கள். இதற்குத் தேவை இரண்டு கைகள் மட்டுமே என்றும் அதில் குறிப்பிட்டார்கள். அதுவரை அறுவைக் கூடத்துக்குள் இருந்த வேலை தெருவுக்கு வந்தது அப்போதுதான்.

செய்முறை:

1. கெட்டியான தரையில் மல்லாத்துங்கள். மெத்தையில் அழுத்தினால் மெத்தைதான் அமிழும்.
2. மார்பு நடுவில், மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மறு கையைக் கோர்த்துக்கொள்ளுங்கள். முழங்கைகள் மடங்கக் கூடாது.
3. வளர்ந்தவருக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம்; நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம்.
4. ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுமையாக மேலெழ விட வேண்டும். அப்போதுதான் இதயத்துக்குள் ரத்தம் திரும்பி நிறையும்.
5. இடையில் நிறுத்தக் கூடாது. அழுத்த அழுத்தத்தான் இதயத் தசைக்குப் போகும் ரத்தத்தின் விசை மெல்ல மெல்லக் கூடுகிறது. கையை எடுத்ததும் சட்டென்று விழுந்துவிடுகிறது. 2 நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாறிக்கொள்ளலாம்.

விலா எலும்பு உடையுமோ என்ற பயம் நியாயமானது. சில சமயம் உடையத்தான் செய்கிறது. உடைந்த விலா கூடிவிடும். நின்ற இதயம் தானாக ஓடாது.

ஊத வேண்டுமா என்ற கேள்விக்கு இப்போது வரலாம். 2010இல் அமெரிக்க இதயச் சங்கம் தன் வரிசையைத் தலைகீழாக்கியது. அதற்கு முன் முதலில் மூச்சுப்பாதை, பிறகு மூச்சு, கடைசியில் அழுத்தம் என்று இருந்தது. அதன் பிறகு அழுத்தம் முதலிடத்துக்கு வந்தது. காரணம் நமது கேள்விக்குள்ளேயே இருக்கிறது. நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர் திடீரென்று சாயும்போது அவர் ரத்தத்தில் ஆக்சிஜன் இன்னும் இருக்கிறது. நின்றது ஓட்டம் மட்டும். முதல் சில நிமிடங்களுக்கு ஓடவைத்தாலே போதும். பயிற்சி இல்லாதவர்கள் வாயில் ஊதாமல் விடாமல் அழுத்தலாம் என்று சொல்லப்படுவது இதனால்தான்.

நீரில் மூழ்கியவர் நிலை வேறு. மூச்சு முட்டி, ரத்தத்தில் இருந்த ஆக்சிஜன் தீர்ந்த பிறகே அவர் இதயம் நிற்கிறது. ஆக்சிஜன் இல்லாத ரத்தத்தை ஓட்டிப் பயன் குறைவு. அவருக்கு முதலில் சில மூச்சுகள் ஊதிவிட்டு, பிறகு 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு என்ற கணக்கில் தொடர வேண்டும். குழந்தைகளுக்கும் பெரும்பாலும் மூச்சுக் கோளாறுதான் முதலில் வருகிறது என்பதால் ஊதுவது முக்கியம். அவர்களுக்கு அழுத்தும் ஆழம் மார்புக் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. கைக்குழந்தைக்கு அது ஏறத்தாழ 4 சென்டிமீட்டர். முழுக் கை வேண்டாம், இரண்டு கட்டைவிரல்கள் போதும். மூழ்கியவரின் வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுக்க முயல்வது நேரத்தைத் தின்னும். வயிற்றிலுள்ளது மேலேறி மூச்சுப்பாதையை அடைக்கவும் செய்யும்.

பொது இடங்களில் சுவரில் மாட்டியிருக்கும் ஏஇடி கருவியைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. இதயத்தின் கீழறைகள் ஒழுங்கின்றித் துடிதுடிக்கும்போது, ஒரே மின்னதிர்வில் அந்தக் குழப்பத்தை அடக்கி, இதயம் தன் சொந்தத் தாளத்தைத் திரும்பப் பிடிக்க இடம் கொடுக்கிறது அது. தாளத்தைத் தானே ஆராய்ந்து, தேவையில்லை என்றால் மின்னதிர்வு கொடுக்காது. இயக்கியதும் என்ன செய்வது என்று குரலில் சொல்லும். சிபிஆரும் மின்னதிர்வும் இல்லாமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது.

## தொண்டையில் அடைத்தால்

இருமுகிறவரை இருமவிடுங்கள், எந்தக் கையாலும் இருமலின் விசையை உண்டாக்க முடியாது. குரல் வரவில்லை, கழுத்தைப் பிடித்துக்கொள்கிறார், உதடு நீலமாகிறது என்றால் முன்னால் குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவில் 5 முறை ஓங்கித் தட்ட வேண்டும். வரவில்லை என்றால் பின்னால் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே மடக்கிய கைமுஷ்டியை வைத்து 5 முறை உள்ளும் மேலுமாக இழுக்க வேண்டும். 1974இல் ஹென்ரி ஹெய்ம்லிச் என்ற அமெரிக்க மருத்துவர் விளக்கிய முறை இது. நுரையீரலில் எஞ்சிய காற்றையே கொண்டு அடைப்பை வெளியே தள்ளும் வழி. இரண்டையும் மாறி மாறிச் செய்ய வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் செய்யக் கூடாது, மார்பெலும்பில் இழுக்கலாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் ஈரல் போன்ற உள்ளுறுப்புகள் நசுங்கக்கூடும் என்பதால், தலை தாழ்ந்திருக்கக் கையில் குப்புறக் கிடத்தி முதுகில் 5 தட்டு, பிறகு மல்லாத்தி மார்பில் 5 அழுத்தம். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலால் துழாவி எடுக்கப் பார்ப்பது, அதை இன்னும் உள்ளே தள்ளிவிடும்.

## ரத்தம்: கட்டு பற்றிய சண்டை

பெரும்பாலான காயங்களுக்குக் கட்டே வேண்டாம். சுத்தமான துணியை வைத்து நேரடியாக அழுத்தினால் போதும். அழுத்தம் குழாயின் வாயை மூடுகிறது. அந்த அமைதியில் தட்டணுக்கள் ஒட்டிக்கொண்டு, ரத்தத்திலுள்ள புரத நூல்கள் அவற்றின்மீது வலை பின்னுகின்றன. இதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். "நின்றுவிட்டதா" என்று நிமிடத்துக்கு ஒரு முறை துணியைத் தூக்கிப் பார்ப்பவர் ஒவ்வொரு முறையும் அந்த வலையைக் கிழிக்கிறார். 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். துணி நனைந்தால் மேலே இன்னொன்றை வைத்து இன்னும் பலமாக அழுத்துங்கள். காயத்தில் கத்தியோ கண்ணாடித் துண்டோ குத்தி நின்றால் பிடுங்கக் கூடாது. அறுபட்ட குழாயை அதுவே அடைத்துக்கொண்டிருக்கலாம்; அதைச் சுற்றி அழுத்த வேண்டும்.

டூர்னிக்கெட் என்னும் இறுக்குப் பட்டைதான் சர்ச்சைக்குரியது. நீண்ட காலம் அது கடைசிப் புகலிடமாக மட்டுமே கற்பிக்கப்பட்டது. பட்டை கட்டினால் கால் போய்விடும் என்ற அச்சம் பயிற்சி வகுப்புகளில் நிலவியது. இராக், ஆப்கானிஸ்தான் போர்களில் காயமடைந்த வீரர்களின் பதிவுகள் அந்த அச்சத்தைத் தளர்த்தின. அதிர்ச்சி நிலைக்குப் போகும் முன்பே கட்டியவர்கள் அதிகம் பிழைத்தார்கள். குறுகிய நேரம் கட்டியதால் மட்டுமே உறுப்பை இழப்பது மிக அரிதாக இருந்தது. 2015இல் அமெரிக்காவில் பொதுமக்களுக்கே இதைக் கற்றுத்தரும் இயக்கம் தொடங்கியது.

எனவே இன்றைய விடை: கையிலோ காலிலோ ரத்தம் பீறிட்டு, நேரடி அழுத்தத்துக்கு அடங்கவில்லை என்றால் பட்டை கட்ட வேண்டும்.

1. காயத்துக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் மேலே. முழங்கை, முழங்கால் மூட்டின்மீது அல்ல.
2. அகலமான பட்டை. கயிறும் கம்பியும் தோலையும் நரம்பையும் அறுக்கும்.
3. ரத்தம் நிற்கும்வரை முறுக்க வேண்டும். அரைகுறை இறுக்கம் இருப்பதிலேயே மோசமானது. வெளியே திரும்பும் சிரையை அடைத்து, உள்ளே பாயும் தமனியைத் திறந்தே விடும், ரத்தப்போக்கு கூடும். சரியாக இறுக்கினால் கடுமையாக வலிக்கும்.
4. கட்டிய நேரத்தைக் குறித்து வையுங்கள். ஏறத்தாழ 2 மணி நேரம்வரை உறுப்பு பெரும்பாலும் தாங்கும்.
5. "கொஞ்சம் ரத்தம் ஓடட்டும்" என்று இடையிடையே தளர்த்தக் கூடாது. அவிழ்ப்பது மருத்துவரின் வேலை.

விரல் துண்டாகிவிட்டால், துண்டை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, அந்தப் பையைப் பனிக்கட்டியின்மீது வைத்து எடுத்துச் செல்ல வேண்டும். பனிக்கட்டியை நேராகத் தொட்டால் சதை உறைந்து, ஒட்டவைக்கப் பயன்படாமல் போகும்.

மூக்கில் ரத்தம் வந்தால் அண்ணாந்து பார்க்கச் சொல்வது இன்னும் ஓயாத வழக்கம். அப்போது ரத்தம் நிற்பதில்லை; தொண்டை வழியாக வயிற்றுக்குப் போகிறது, வாந்தியாகத் திரும்புகிறது. முன்னால் சாய்ந்து, மூக்கின் மென்மையான கீழ்ப்பகுதியை 10 முதல் 15 நிமிடம் விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். எலும்புப் பகுதியைப் பிடிப்பதில் பயனில்லை.

## அதே கட்டு, பாம்புக்கடிக்கு ஏன் கூடாது?

ரத்தப்போக்கில் தீர்ந்துகொண்டிருப்பது ரத்தம். கட்டு அதைக் காக்கிறது. பாம்புக்கடியில் எதுவும் தீரவில்லை. உள்ளே நுழைந்த நஞ்சுதான் பிரச்சினை. இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று, சதையை அழிக்கும் நஞ்சு ஒரே இடத்தில் தேங்கி உறுப்பை அழுகவைக்கும். மருத்துவமனையில் அவிழ்த்தவுடன் தேங்கியது மொத்தமாக உடலில் பாயும். கீறி ரத்தத்தை வெளியேற்றுவதும் வாயால் உறிஞ்சுவதும் நஞ்சை எடுப்பதில்லை, கிருமியைத்தான் சேர்க்கின்றன.

நஞ்சில் பெரும்பகுதி முதலில் நிணநீர்க் குழாய்கள் வழியே நகர்கிறது. நிணநீரைத் தள்ளுவது தசைகளின் அசைவு. எனவே கடிபட்ட கையையோ காலையோ முறிந்த எலும்புக்குச் செய்வதுபோல் அசையாமல் தாங்கி, நடக்கவிடாமல் படுக்கவைத்துத் தூக்கிச் செல்ல வேண்டும். வீக்கம் ஏறும் முன் மோதிரம், கடிகாரம், இறுக்கமான உடையைக் கழற்ற வேண்டும். ஆஸ்திரேலியாவில் கடித்த உறுப்பு முழுவதையும் மீள்பட்டையால் சுற்றும் முறை பரிந்துரைக்கப்படுகிறது. அங்குள்ள பாம்புகளின் நஞ்சு பெரும்பாலும் நரம்பையும் ரத்த உறைவையும் தாக்குவது, சதையை அவ்வளவாக அழிக்காதது என்பதே காரணம். விரியன் வகைப் பாம்புகளுக்கு அது ஒத்துவராது. மருந்து விஷமுறிவு ஊசி ஒன்றுதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பில் ஆண்டுக்கு 81,000 முதல் 1,38,000 பேர் பாம்புக்கடியால் இறக்கிறார்கள். 2017இல் அந்த நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

## தீப்புண்: தங்கிவிட்ட வெப்பம்

சூடான பொருளிலிருந்து கையை எடுத்த பிறகும் தோலுக்குள் இறங்கிய வெப்பம் ஆழமான அடுக்குகளைச் சுட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த வெப்பத்தை இழுத்து வெளியேற்றும் மலிவான, சிறந்த பொருள் ஓடும் தண்ணீர். 20 நிமிடம் காட்ட வேண்டும். உடனே முடியாவிட்டாலும், சுட்ட 3 மணி நேரத்துக்குள் செய்தால் பயன் உண்டு. கொப்புளம் தண்ணீரால் வருவதில்லை. இரண்டாம் அடுக்குவரை வெந்ததால் வருகிறது. தண்ணீர் காட்டினால் புண்ணின் ஆழம் குறையும்.

பற்பசை, எண்ணெய், வெண்ணெய் எல்லாம் இதற்கு நேர் எதிரான வேலையைச் செய்கின்றன. வெப்பம் வெளியேறும் வழியை மூடி, புண்ணில் ஒட்டிக்கொள்கின்றன. மருத்துவமனையில் அவற்றைச் சுரண்டி எடுக்கும்போது நோயாளி படும் வேதனை இரட்டிப்பு. பனிக்கட்டியும் வேண்டாம். ரத்தக் குழாய்கள் சுருங்கி, ஏற்கெனவே பாதிக்கப்பட்ட தோலுக்கு ஓட்டம் குறைந்துவிடும். கொப்புளத்தை உடைக்கவும் கூடாது, கிருமிக்கு அதுவே இயற்கையான தடுப்பு. ஆறிய பிறகு உணவைச் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைத் தளர்வாகப் போர்த்தலாம். அது ஒட்டாது, காற்று படாமல் வலியைக் குறைக்கும்.

மருத்துவமனைக்குப் போக வேண்டியவை: விரல்களோடு சேர்த்து அடிபட்டவரின் உள்ளங்கை அளவைவிடப் பெரிய புண் (அந்த அளவு உடல் பரப்பில் ஏறத்தாழ 1 சதவீதம்); முகம், கை, பாதம், பிறப்புறுப்பு, மூட்டு ஆகிய இடங்கள்; மின்சாரத்தாலும் ரசாயனத்தாலும் உண்டானவை; மூக்கில் கரி, கரகரத்த குரல் என்று புகை உள்ளே போன அடையாளம் உள்ளவர்கள். பரந்த தீப்புண் உள்ள குழந்தையை முழுவதும் நனைத்தால் உடல் வெப்பம் ஆபத்தாகக் குறையலாம். புண்ணைக் குளிரவைத்து, மற்ற பகுதியைப் போர்த்தி வைக்க வேண்டும். அமிலம், காரம் பட்டால் நிறையத் தண்ணீரால் நீண்ட நேரம் அலசல். உலர்ந்த தூள் என்றால் முதலில் தட்டிவிட்டுப் பிறகு தண்ணீர்.

வெயிலால் உடல் முழுவதும் கொதித்தாலும் இதே நியாயம்தான். உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, பேச்சு குழறி, குழப்பம் வந்தால் அது வெப்பத் தாக்கு. காய்ச்சல் மாத்திரை பயன்படாது. காய்ச்சலில் மூளை தானே வெப்ப அளவை உயர்த்திக்கொள்கிறது, மாத்திரை அதைத் திருப்புகிறது; இங்கே உயர்த்தியது வெளி வெப்பம். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை குளிர்ந்த நீரில் கழுத்துவரை அமிழ்த்த வேண்டும், முடியாவிட்டால் நனைத்து விசிற வேண்டும்.

## வாய்வழியே எதையும் கொடுக்காதே என்பது ஏன்?

நினைவு மங்கியவருக்கு விழுங்கும் அனிச்சை தளர்ந்திருக்கும். பாசத்தோடு புகட்டும் தண்ணீர் நுரையீரலுக்குள் போகும். இந்த ஒரு விதியிலிருந்து பல விடைகள் கிளைக்கின்றன.

வலிப்பு. வாயில் கரண்டியோ துணியோ திணித்தால் பல் உடையும், மூச்சு அடைபடும். நாக்கை விழுங்கிவிடுவார் என்பது பொய். அது உடலமைப்பிலேயே இயலாது. கைகால்களைப் பிடித்து அமுக்காமல், தலைக்கு மெத்தென்று எதையாவது வைத்து, இடிபடும் பொருட்களை நகர்த்தி, நேரத்தைப் பாருங்கள். வலிப்பு ஓய்ந்ததும் பக்கவாட்டில் திருப்புங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பும் முன் மறுபடி வந்தாலோ ஆம்புலன்ஸ்.

சர்க்கரை நோயாளியின் நடுக்கம், வியர்வை, தடுமாற்றம். ரத்தத்தில் சர்க்கரை தீர்கிறது. நினைவோடு இருந்தால் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று நான்கு தேக்கரண்டி, தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். நினைவில்லை என்றால் வாயில் எதுவும் இல்லை.

மாரடைப்பும் பக்கவாதமும். நெஞ்சை நசுக்கும் வலி கைக்கோ தாடைக்கோ பரவுகிறது என்றால், ஒவ்வாமை இல்லாதவருக்கு ஒரு ஆஸ்பிரின் மாத்திரையை மென்று விழுங்கச் சொல்வதுண்டு. அடைப்பில் சேரும் தட்டணுக்களை அது தடுக்கிறது. பக்கவாதத்துக்கு அதே மாத்திரையைக் கொடுக்கக் கூடாது. குழாய் அடைபட்டதா, வெடித்ததா என்பது ஸ்கேன் எடுக்காமல் தெரியாது. வெடித்திருந்தால் ஆஸ்பிரின் கசிவைக் கூட்டும். சிரிக்கச் சொன்னால் முகம் ஒரு பக்கம் கோணுகிறதா, இரண்டு கைகளையும் தூக்கச் சொன்னால் ஒன்று சரிகிறதா, பேச்சு குழறுகிறதா? ஒன்று இருந்தாலும் உடனே புறப்பட வேண்டும். மூளைக்குப் போகும் பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்புச் செல்கள் அழிகின்றன. உறைகட்டியைக் கரைக்கும் மருந்து பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் செலுத்தப்படுகிறது. அந்த நேரம் கடைசியாக அவர் நன்றாக இருந்ததைப் பார்த்த நொடியிலிருந்து எண்ணப்படும். அறிகுறி தானாக மறைந்துவிட்டாலும் அது எச்சரிக்கையே.

நஞ்சு குடித்தவர். வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. அமிலம் இறங்கும்போது ஒரு முறை சுட்டது ஏறும்போது மறுபடி சுடும். மண்ணெண்ணெய் மேலேறினால் நுரையீரலைக் கெடுக்கும். ஒரு காலத்தில் வாந்தி மருந்தை வீட்டில் வைத்திருக்கச் சொன்ன அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே 2003இல் அந்தப் பரிந்துரையை விலக்கிக்கொண்டது. பொத்தான் வடிவ மின்கலத்தை விழுங்கிய குழந்தையை நொடியும் தாமதிக்காமல் கொண்டுபோக வேண்டும். உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே ஆழமாக அரித்துவிடும்.

கடுமையான ஒவ்வாமை இதில் சேராது என்றாலும் ஒரு சொல். முகம் வீங்கி, மூச்சு இழுத்து, தலை சுற்றினால் அட்ரினலின் ஊசிதான் உயிர்காக்கும். அரிப்புக்கான மாத்திரை மூச்சுப்பாதையைத் திறக்காது. ஊசி வைத்திருப்பவருக்கு அதைத் தொடையின் வெளிப்பக்கத்தில் போட்டுவிட்டுப் படுக்கவைக்க வேண்டும். மூச்சுத் திணறல் அதிகமானால் உட்காரலாம். எழுந்து நடக்கவிடக் கூடாது. திடீரென்று எழுந்தால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் வறண்டுபோகும்.

## காத்திருக்கக்கூடிய காயங்கள்

எலும்பு முறிந்த உறுப்பை இருந்த நிலையிலேயே தாங்கி வையுங்கள், நேராக்கப் பார்க்காதீர்கள். கழுத்து, முதுகில் அடி என்ற சந்தேகம் இருந்தால் மூச்சோ உயிரோ ஆபத்தில் இல்லாதவரை நகர்த்தாதீர்கள். சிறு வெட்டுக்காயத்தைக் குழாய் நீரில் நன்றாகக் கழுவினாலே போதும். தடுப்பூசிக் கணக்கைப் பார்த்துத் தேவையானால் டெட்டனஸ் ஊசி போட வேண்டும். வேரோடு விழுந்த நிரந்தரப் பல்லை வேரைத் தொடாமல் தலைப்பகுதியைப் பிடித்து எடுத்து, முடிந்தால் குழியிலேயே பொருத்தி, இல்லையேல் பாலில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் போனால் பிழைக்க வாய்ப்பு உண்டு.

தலையில் அடிபட்டவர் மட்டும் இந்தப் பட்டியலில் ஏமாற்றக்கூடியவர். எழுந்து நடந்து, நன்றாகப் பேசி, சில மணி நேரம் கழித்துச் சரியலாம். மண்டைக்குள் மெல்லக் கசியும் ரத்தத்துக்கு விரிய இடமில்லை. அது மூளையை அழுத்தும். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், அளவில் வேறுபட்ட கண்மணிகள், மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

## கையளிக்கும்போது சொல்ல வேண்டியவை

ஆம்புலன்ஸ் வந்ததும் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஆனால் நடந்ததைப் பார்த்தவர் நீங்கள்தான். கீழ்க்கண்டவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாலும் போதும்.

1. எப்போது நடந்தது, நினைவு எப்போது தப்பியது, எப்போது திரும்பியது.
2. நீங்கள் என்ன செய்தீர்கள்: பட்டை கட்டிய நேரம், எத்தனை மின்னதிர்வு, கொடுத்த மாத்திரை.
3. நஞ்சு என்றால் புட்டியோ உறையோ. பாம்பு என்றால் அதைத் துரத்திப் பிடிக்க வேண்டாம். தூரத்திலிருந்து எடுத்த படம் கிடைத்தால் போதும், அதுவும் இல்லாவிட்டால் கவலையில்லை.
4. ஒவ்வாமைகள், நாள்பட்ட நோய்கள், அன்றாடம் எடுக்கும் மருந்துகள். இவற்றில் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். அதை எடுத்துக்கொள்பவருக்குத் தலையில் பட்ட சின்ன அடிக்கும் ஸ்கேன் தேவைப்படலாம்.